உங்க கிளப்ல வளர்ந்த பையன் டிரான்ஸ்ஃபர் ஆனா, உங்க பங்கு காசை வாங்குறது எப்படி

சின்ன ஃபுட்பால் கிளப் நடத்துறவங்க, அகாடமி கோச்சுங்க, இல்ல சும்மா டிரான்ஸ்ஃபர் நியூஸ் படிச்சிட்டு "இத்தன கோடி கை மாறுதே, இவனுக்கு 12 வயசுல பந்து புடிக்க கத்துக்குடுத்தவனுக்கு என்ன கெடச்சுது"ன்னு யோசிக்கிறவங்க, எல்லாருக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன். கெடைக்கும்ங்க, ரூல் இருக்கு. ஆனா ரூல் இருக்குறது வேற, காசு அக்கவுன்ட்டுல வந்து ஏறுறது வேற, நடுவுல நிக்கிறது முக்கால்வாசி பேப்பர் வேலைதான், அதுலதான் சின்ன கிளப்புங்க எல்லாம் கோட்ட விடுறாங்க.

முதல்ல இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு ரெண்டு வரி. 1995 டிசம்பர் 15-ல போஸ்மன் கேஸ்ல ஐரோப்பிய கோர்ட்டு தீர்ப்பு சொல்லுச்சு, கான்ட்ராக்ட் முடிஞ்ச ப்ளேயர் வேற ஐரோப்பிய யூனியன் நாட்டு கிளப்புக்குப் போனா பழைய கிளப் காசு கேக்கக்கூடாதுன்னு. ப்ளேயருக்கு ரொம்ப நியாயமான தீர்ப்பு, அதுல எனக்கு மாத்துக் கருத்தே கெடையாது. ஆனா பசங்கள வளர்த்து வித்துத்தான் கரன்ட் பில்லு கட்டுவேன்னு இருந்த கிளப்புங்களுக்கு அன்னியோட வருமானம் அடிபட்டுச்சு. அப்புறம் ஐரோப்பிய கமிஷனோட பேசி முடிச்சு 2001-ல ஃபிஃபா புது டிரான்ஸ்ஃபர் ரூல் கொண்டு வந்தப்போ, வளர்த்தவனுக்குன்னு ரெண்டு வழி வெச்சாங்க. ஒண்ணு டிரெய்னிங் காம்பென்சேஷன், இன்னொண்ணு சாலிடாரிட்டி. இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க, பாதிப்பேர் குழப்பிக்கிறாங்க.

டிரெய்னிங் காம்பென்சேஷன்னா, பையன் மொத மொத ப்ரொஃபஷனலா வேற நாட்டு கிளப்புல ரெஜிஸ்டர் ஆகுறப்போ, 12 வயசுலேர்ந்து அவன வளர்த்த எல்லா கிளப்புக்கும் புது கிளப் குடுக்க வேண்டிய காசு. டிரான்ஸ்ஃபர் ஃபீ ஒரு பைசா இல்லாம ஃப்ரீயா போனாலும் இது உண்டு. 21 வயசு வரைக்கும் நடந்த பயிற்சிய கணக்குல எடுப்பாங்க, 23 வயசு ஆகுற வருஷம் முடியிற வரைக்கும் நடக்குற ரெஜிஸ்ட்ரேஷனுக்கு இது பொருந்தும்.

எவ்ளோன்னு கேட்டா, நீங்க அவனுக்கு எவ்ளோ செலவு பண்ணீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. கிளப்புங்கள 1-லேர்ந்து 4 வரைக்கும் கேட்டகரியா பிரிச்சிருக்காங்க, 1-தான் பெருசு, புது கிளப் எந்த கேட்டகரியோ அதோட ரேட்டுதான். ஐரோப்பாவுல வருஷத்துக்கு கேட்டகரி 1-னா 90,000 யூரோ, 2-னா 60,000, 3-னா 30,000, 4-னா 10,000. ஆசியாவுல கேட்டகரி 2-க்கு 40,000 டாலர், 3-க்கு 10,000, 4-க்கு வெறும் 2,000. இதுல இன்னொரு கண்டிஷன், 12-லேர்ந்து 15 வயசு வரைக்கும் உள்ள நாலு சீசனுக்கு புது கிளப் எவ்ளோ பெரிய கிளப்பா இருந்தாலும் கேட்டகரி 4 ரேட்டுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். ஆப்பிரிக்காவுல ஒரு சின்ன கிளப், பையன் 12 வயசு சீசன்லேர்ந்து 17 வயசு சீசன் முடிய அங்கயே ஆடுறான், 18 முடிஞ்சு ஐரோப்பாவுல ஒரு கேட்டகரி 2 கிளப்புல மொத ப்ரொஃபஷனல் கான்ட்ராக்ட் போடுறான். மொத நாலு சீசன் 10,000 வீதம் 40,000 யூரோ, அடுத்த ரெண்டு சீசன் 60,000 வீதம் 1,20,000, மொத்தம் 1,60,000 யூரோ. ஒரு சின்ன கிளப்புக்கு இது பல வருஷ பட்ஜெட்டு. அதே பையன் கேட்டகரி 4 கிளப்புக்குப் போயிருந்தா? சைபர். கேட்டகரி 4 கிளப்புக்குப் போனா டிரெய்னிங் காம்பென்சேஷனே கெடையாதுன்னு ரூல்லயே இருக்கு.

இத வெச்சு ஒரு காலத்துல நல்லா வெளையாடுனாங்க. பெரிய கிளப் நேரா வாங்காம, பையன ஒரு கேட்டகரி 4 கிளப்புல ஒப்புக்கு ரெஜிஸ்டர் பண்ணி, கொஞ்ச நாள் கழிச்சு அங்கேர்ந்து இழுத்துக்கும். இதுக்குப் பேரு பிரிட்ஜ் டிரான்ஸ்ஃபர். 2020-லேர்ந்து ஃபிஃபா ரூல்ல இதுக்குத் தடை இருக்கு, 16 வாரத்துக்குள்ள ஒரே ப்ளேயருக்கு ரெண்டு டிரான்ஸ்ஃபர் நடந்தா அது திருட்டு வேலைதான்னு எடுத்துக்குவாங்க, இல்லன்னு நிரூபிக்க வேண்டியது அந்த கிளப்புங்க பாடு. உங்க பையன் விஷயத்துல இப்படி ஏதாவது நடந்த மாதிரி தெரிஞ்சா தேதிகள குறிச்சு வெச்சு உங்க நாட்டு ஃபுட்பால் ஃபெடரேஷன் மூலமா கேளுங்க.

இப்போ முக்கியமான ஒரு எடம், இத யாரும் சரியா சொல்றதில்ல. எல்லா கிளப்புக்கும் பங்குன்னு சொன்னேன்ல, அது மொத ப்ரொஃபஷனல் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மட்டும்தான். அதுக்கப்புறம் நடக்குற ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் கடைசியா இருந்த கிளப்புக்கு மட்டும்தான் டிரெய்னிங் காம்பென்சேஷன். அப்போ என்ன ஆகுதுன்னு பாருங்க, வியாசர்பாடியில ஒரு கிளப்புல வளர்ந்த பையன் 18 வயசுல ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்புல ப்ரொஃபஷனல் ஆகுறான், 21 வயசுல ஃபாரின் கிளப்புக்குப் போறான்னு வெச்சுக்கங்க. ஃபாரின் கிளப் குடுக்குற டிரெய்னிங் காம்பென்சேஷன் அந்த ஐஎஸ்எல் கிளப்புக்குத்தான் போகும், வியாசர்பாடிக்கு இல்ல. வியாசர்பாடி கிளப் கேக்க வேண்டியது, பையன் ஐஎஸ்எல்ல கையெழுத்து போட்ட அன்னிக்கு, அதுவும் நாட்டுக்குள்ள இருக்குற ரூல்படி. ஒவ்வொரு ஃபெடரேஷனும் உள்நாட்டுல வளர்க்குற கிளப்புங்களுக்கு ஒரு ஈட்டு முறை வெச்சிருக்கணும்னு ஃபிஃபா ரூல் சொல்லுது, அந்த முறையில ரேட்டு என்ன, எத்தன நாளுக்குள்ள கேக்கணும்னு உங்க ஸ்டேட் அசோசியேஷன்ல எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க. வாய் வார்த்தை வேணாம்.

அடுத்தது சாலிடாரிட்டி. இதுக்கு வயசு வரம்பு இல்ல, பையன 33 வயசுல வித்தாலும் உண்டு. கான்ட்ராக்ட் இருக்குற ப்ளேயர காசு குடுத்து வாங்குனா அந்தக் காசுல 5 சதவீதம் அவன 12-லேர்ந்து 23 வரைக்கும் வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். 12-லேர்ந்து 15 வரைக்கும் ஒவ்வொரு சீசனுக்கும் மொத்த ஃபீயில 0.25 சதவீதம், 16-லேர்ந்து 23 வரைக்கும் ஒவ்வொரு சீசனுக்கும் 0.5 சதவீதம். ப்ளேயர கொஞ்ச காலத்துக்கு மட்டும் இரவலா எடுத்துக்கிட்டு லோன் ஃபீ குடுத்தாலும் இதே கதைதான். சீசன் நடுவுல வந்தான் போனான்னா அந்த நாள் கணக்குக்குத் தகுந்த மாதிரி குறைச்சுக்குவாங்க.

மேல சொன்ன அதே ஆப்பிரிக்கா பையன பின்னாடி 1 கோடி யூரோவுக்கு வித்தா, அந்த மொத கிளப்புக்கு நாலு சீசனுக்கு 1 சதவீதம், ரெண்டு சீசனுக்கு 1 சதவீதம், ஆக 2 லட்சம் யூரோ. அவன அங்கேர்ந்து இன்னொரு கிளப்புக்கு வித்தா மறுபடியும் வரும். நிஜத்துல பாக்கணும்னா, 2016-ல போக்பா யுவென்டஸ்லேர்ந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 10.5 கோடி யூரோவுக்குப் போனப்போ ஒரு சின்ன வயசு சீசனோட பங்கே 2,62,500 யூரோ. பாரிஸ் பக்கத்துல ருவாஸி, டோர்ஸின்னு அவன் சின்ன வயசுல ஆடுன கிளப்புங்க இருக்கு, அப்புறம் லே ஹாவ்ர். இதுல காமெடி என்னன்னா 16-லேர்ந்து 19 வரைக்கும் அவன வளர்த்ததே யுனைடெட்டுதான், ஃப்ரீயா விட்டுட்டு திரும்ப வாங்குனாங்க, அதனால 5 சதவீதத்துல ஒரு பகுதி அவங்க பங்காவே அவங்க கிட்டயே நின்னுடும். 2017-ல நெய்மர் 22.2 கோடி யூரோவுக்கு பார்சிலோனாலேர்ந்து பாரிஸுக்குப் போனப்போ, பையனா இருந்தப்போலேர்ந்து 21 வயசு வரைக்கும் வெச்சிருந்த சான்டோஸுக்கு கணக்குப்படி 80 லட்சம் யூரோவுக்கு மேல வரணும். வித்து நாலு வருஷம் கழிச்சு!

ஆனா ரெண்டு இடத்துல இந்த ரூல் உங்கள கை விட்டுடும், தெரிஞ்சு வெச்சுக்கங்க. ஒண்ணு, 2020 ஜூலை 1-க்கு முன்னாடி ஒரே நாட்டுக்குள்ள நடந்த டிரான்ஸ்ஃபருக்கு ஃபிஃபா சாலிடாரிட்டி கெடையாது. கான்டே 2016-ல லெஸ்டர்லேர்ந்து செல்சிக்கு போனான், ரெண்டும் இங்கிலாந்து கிளப், அதனால சின்ன வயசுலேர்ந்து 19 வரைக்கும் அவன வெச்சிருந்த சுரேன் கிளப்புக்கு அந்த டிரான்ஸ்ஃபர்ல ஃபிஃபா ரூல்படி ஒண்ணும் சேரல. இப்போ மாத்திட்டாங்க, ரெண்டு கிளப்பும் ஒரே நாடா இருந்தாலும் வளர்த்த கிளப் வேற நாட்டுல இருந்தா பங்கு உண்டு. ரெண்டாவது, ஃபீ இல்லன்னா சாலிடாரிட்டியும் இல்ல. எம்பாப்பே 2024-ல ரியல் மாட்ரிட்டுக்கு கான்ட்ராக்ட் முடிஞ்சு ஃப்ரீயா போனான். ஃபீ சைபர், சைபர்ல 5 சதவீதம் சைபர், வயசு 25 ஆயிடுச்சு அதனால டிரெய்னிங் காம்பென்சேஷனும் இல்ல. அதுக்கு முன்னாடி மொனாக்கோலேர்ந்து பாரிஸுக்கு 18 கோடி யூரோ டீல், ஆனா மொனாக்கோ பிரெஞ்சு ஃபெடரேஷன்ல இருக்குற கிளப், அதனால அதுவும் உள்நாட்டு டிரான்ஸ்ஃபர், அதுவும் 2020-க்கு முன்னாடி ஆரம்பிச்சது. இந்த தலைமுறையோட பெரிய ஸ்டார்ல ஒருத்தன், அவன சின்ன வயசுலேர்ந்து வளர்த்த பான்டி கிளப்புக்கு இந்த ரெண்டு பெரிய மூவ்லயும் ஃபிஃபா சாலிடாரிட்டின்னு ஒண்ணும் கெடையாது. எனக்கு இது ரூல்ல இருக்குற பெரிய ஓட்டையாத்தான் தெரியுது, ஏன்னா இப்போ பெரிய ப்ளேயருங்க கான்ட்ராக்ட் முடியிற வரைக்கும் காத்திருந்து ஃபீய சம்பளமாவும் சைனிங் போனஸாவும் வாங்கிக்கிறாங்க, அதுல 5 சதவீதம் யாரும் வெட்ட மாட்டாங்க.

சரி, இப்போ நீங்க செய்ய வேண்டிய வேலைக்கு வருவோம்.

உங்க அகாடமி ஒரு கிளப்பா அசோசியேஷன்ல அஃபிலியேட் ஆயிருக்கான்னு பாருங்க. இதுதான் அஸ்திவாரம். ஒரு டர்ஃப் வாடகைக்கு எடுத்து, மாச ஃபீஸ் வாங்கி, 100 பசங்களுக்கு கோச்சிங் குடுக்குற தனியார் அகாடமின்னா நீங்க எவ்ளோ நல்லா வளர்த்தாலும் ஃபிஃபா கணக்குல நீங்க இல்லவே இல்ல. பையன் எந்த கிளப்பு பேர்ல ரெஜிஸ்டர் ஆயிருக்கானோ அந்த கிளப்புக்குத்தான் பங்கு. பல அகாடமிங்க லீக் ஆட வெக்கிறதுக்காக பையன வேற கிளப்பு பேர்ல ஏத்தி விடுவாங்க, அப்போ பின்னாடி காசு வந்தா அந்த வேற கிளப்புக்குத்தான் போகும். ஸ்கூல் டீம்ல மட்டும் ஆடுனா அதுவும் கணக்குல வராது.

அப்புறம் 12 வயசு ஆகுற வருஷத்துலேர்ந்து ஒவ்வொரு பையனையும் ஒவ்வொரு சீசனும் விடாம ஆன்லைன்ல ரெஜிஸ்டர் பண்ணுங்க. இந்தியாவுல ஏஐஎஃப்எஃப்-ஓட (அகில இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷன்) சிஆர்எஸ்ங்கிற ரெஜிஸ்ட்ரேஷன் சிஸ்டம், மத்த நாட்டுல அந்தந்த ஃபெடரேஷன் சிஸ்டம். ஒவ்வொரு ப்ளேயருக்கும் ஒரு ஃபிஃபா ஐடி இருக்கணும். பேர் ஸ்பெல்லிங்கும் பொறந்த தேதியும் பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே இருக்கணும், நம்ம ஆளுங்களுக்கு இனிஷியல் பிரச்சன வேற, ஒரு எடத்துல அப்பா பேர் முன்னாடி, இன்னொரு எடத்துல பின்னாடி, மூணாவது எடத்துல வெறும் ஒரு எழுத்து, கடைசில சிஸ்டத்துல மூணு ஆளு ஆயிடும். வயச குறைச்சு காட்டுற பழக்கம் இருந்தா அத இன்னியோட நிறுத்துங்க, கேவலம்ங்கிறது ஒரு பக்கம், அந்தப் பையனோட சீசன் கணக்கே குளறுபடி ஆயிடும்.

பையன் கிளம்புறப்போ என்ஓசி (ஆட்சேபம் இல்லன்னு லெட்டர்) குடுப்பீங்கல்ல, அதுல எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும் உங்க கிட்ட ரெஜிஸ்டர் ஆயிருந்தான், அமெச்சூரா ப்ரொஃபஷனலான்னு எழுதி ஒரு காப்பி வெச்சுக்கங்க. டீம் ஷீட், லீக் ஐடி கார்டு, ரெஜிஸ்ட்ரேஷன் ரசீது, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி டிரைவ்ல போடுங்க. கிளப் செக்ரட்டரி மாறுனா பழைய ரெஜிஸ்டர் நோட்டு அவர் வீட்டு பரணுக்குப் போயிடும், அப்புறம் ஆண்டவனாலயும் எடுக்க முடியாது.

என்ஓசி பத்தி பேசும்போதே இதையும் சொல்லிடுறேன். பையன கூட்டிட்டுப் போற ஏஜென்ட்டோ புது கிளப்போ ஒரு பேப்பர நீட்டுவாங்க, "சும்மா ஃபார்மாலிட்டி சார், கையெழுத்து போடுங்க"ன்னு. அதுல டிரெய்னிங் காம்பென்சேஷன் வேணாம்னு விட்டுக்குடுக்குற ஒரு வரி இருக்கும். எழுத்துல தெளிவா விட்டுக்குடுத்தா அது செல்லும், அப்புறம் கத்தி பிரயோஜனம் இல்ல. பத்து செட் ஜெர்சிக்கும் ரெண்டு டஜன் பந்துக்கும் லட்சக்கணக்குல எழுதிக் குடுத்தவங்க இருக்காங்க. அதே நேரம் இன்னொரு பக்கமும் யோசிக்கணும், ரொம்ப முறுக்கிக்கிட்டா புது கிளப் "இந்தப் பையனுக்கு இவ்ளோ காசா"ன்னு விட்டுட்டுப் போயிடும், பையன் வாழ்க்கை போச்சு. அதனால முழுசா விட்டுக்குடுக்காம, தொகைய குறைச்சுக்கிட்டு, அதுக்குப் பதிலா அடுத்த விற்பனையில இவ்ளோ சதவீதம்னு ஒரு செல்-ஆன் பங்கு கேக்கலாம். என்னோட ஓட்டு இதுக்குத்தான். செல்-ஆன் பங்கு ஒப்பந்தத்துல எழுதுனாத்தான் உண்டு, அது சாலிடாரிட்டியோட சேராது, தனிக் காசு.

இப்போ காசு எப்படி வரும்னு பாப்போம். முன்னாடி எல்லாம் நீங்களே நியூஸ்பேப்பர் பாத்து, டிரான்ஸ்ஃபர் நடந்தத தெரிஞ்சுக்கிட்டு, புது கிளப்புக்கு லெட்டர் போட்டு, அவங்க பதிலே போடாம இருக்க, ரெண்டு வருஷத்துக்குள்ள ஃபிஃபால கேஸ் போடணும். பாதிப்பேர் டிரான்ஸ்ஃபர் நடந்ததையே தெரிஞ்சுக்க மாட்டாங்க. வருஷத்துக்கு 30, 40 கோடி டாலர் சேர வேண்டிய எடத்துல 7, 8 கோடி டாலர்தான் போய்ச் சேருதுன்னு ஃபிஃபா தரப்புலயே சொன்னாங்க. அதுக்குத்தான் 2022 நவம்பர் 16-லேர்ந்து பாரிஸ்ல ஃபிஃபா க்ளியரிங் ஹவுஸ்னு ஒண்ணு ஓடுது.

அது வேல செய்யிற விதம்: டிரான்ஸ்ஃபரோ மொத ப்ரொஃபஷனல் ரெஜிஸ்ட்ரேஷனோ நடந்தா சிஸ்டம் தானா அந்த ப்ளேயரோட எலக்ட்ரானிக் பாஸ்போர்ட்ட தயார் பண்ணும், எந்தெந்த கிளப்புல எப்போலேர்ந்து எப்போ வரைக்கும்னு ஃபெடரேஷன்கள்ல இருக்குற டேட்டாவ வெச்சு. அத 10 நாளுக்கு பாக்க விடுவாங்க. உங்க பேர் அதுல இல்லன்னா அந்த 10 நாளுக்குள்ள சொல்லணும், டிஎம்எஸ் (ஃபிஃபாவோட ஆன்லைன் டிரான்ஸ்ஃபர் சிஸ்டம்) அக்கவுன்ட் இருக்குற கிளப்புன்னா நேரா, இல்லாத சின்ன கிளப்புன்னா ஃபெடரேஷன் மூலமா. இங்கதான் நீங்க ஸ்கேன் பண்ணி வெச்ச பேப்பர் எல்லாம் உதவும். ஃபெடரேஷன்ல அந்த மெயில பாக்குற ஆளு யாருன்னு இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கங்க, உங்க பழைய ப்ளேயர் யாராவது ஃபாரின் போறான்னு காதுல விழுந்த உடனே அவருக்கு ஒரு மெயில் தட்டுங்க, அந்த 10 நாள் போயிடுச்சுன்னா அப்புறம் உள்ள நுழையிறது ரொம்பக் கஷ்டம். எல்லாம் சரிபார்த்து முடிச்சப்புறம் யாருக்கு எவ்ளோன்னு ஒரு ஸ்டேட்மென்ட் போடுவாங்க, புது கிளப் க்ளியரிங் ஹவுஸுக்கு கட்டும், அவங்க உங்களுக்கு அனுப்புவாங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி உங்களையும் செக் பண்ணுவாங்க, பேங்க் மாதிரி. கிளப் யாருது, பொறுப்புல யாரு, அக்கவுன்ட் கிளப் பேர்ல இருக்கா. செக்ரட்டரியோட சொந்த சேவிங்ஸ் அக்கவுன்ட்ட குடுத்தா வேலைக்கு ஆகாது. சொசைட்டியாவோ டிரஸ்டாவோ பதிவு பண்ணி, ரின்யூவல் விடாம பண்ணி, கிளப் பேர்ல அக்கவுன்ட் வெச்சிருங்க. இந்தியாவுல வெளிநாட்டுக் காசு உள்ள வர்றதால ஒரு ஆடிட்டர் கிட்ட முன்னாடியே ஒரு வார்த்த கேட்டுக்கறது நல்லது.

ஐரோப்பாவுல கிளப் நடத்துற நம்ம ஆளுங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா விஷயம். ஐரோப்பிய யூனியனுக்குள்ள பையன் நாடு மாறுறான்னா, அவன் கான்ட்ராக்ட் முடியிறதுக்கு 60 நாளுக்கு முன்னாடியே நீங்க எழுத்துல புது கான்ட்ராக்ட் ஆஃபர் குடுத்திருக்கணும், அதுவும் பழைய கான்ட்ராக்ட்டுக்கு குறையாம. குடுக்கலன்னா டிரெய்னிங் காம்பென்சேஷன் பெரும்பாலும் போச்சு. "அவன் எப்படியும் போயிடுவான், எதுக்கு ஆஃபர்"னு விடாதீங்க.

18 வயசுக்குக் கீழ இருக்குற பசங்கள வெளிநாட்டு கிளப்புல ரெஜிஸ்டர் பண்ணக்கூடாது, இதுதான் பொது ரூல். குடும்பம் ஃபுட்பால் அல்லாத காரணத்துக்காக நாடு மாறுனா விதிவிலக்கு உண்டு, யூனியனுக்குள்ள 16-லேர்ந்து 18, எல்லைக்கு 50 கிலோமீட்டருக்குள்ள இருந்தா உண்டு, இன்னும் ஒண்ணு ரெண்டு. கனடாவுக்கோ சுவிஸுக்கோ குடும்பத்தோட போன பையன அங்க லோக்கல் கிளப்புல சேக்குறப்போ பேப்பர் கேக்குறாங்கன்னு கோவப்படாதீங்க, 10 வயசுக்கு மேலன்னா ஐடிசி (நாடு மாறுறதுக்கான டிரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட்) கேக்கத்தான் செய்வாங்க. இந்த ரூல மீறுனதுக்கு 2014-ல பார்சிலோனாவையும் 2016-ல ரியல், அத்லெடிகோ ரெண்டையும் ப்ளேயர் வாங்கக் கூடாதுன்னு தண்டிச்சிருக்காங்க. அதனால "17 வயசுதான், ஆனா ஐரோப்பாவுல கையெழுத்து போட்டுத் தரேன், 5 லட்சம் குடுங்க"ன்னு ஒரு ஏஜென்ட் வந்தா வாசல்லயே அனுப்பிடுங்க, பெத்தவங்களுக்கும் சொல்லி வைங்க.

ரூல் எல்லாம் இருந்தும் சின்ன கிளப் தோக்குற கதையும் உண்டு. இங்கிலாந்துல 2012-ல கொண்டு வந்த அகாடமி திட்டத்துல, பெரிய கிளப் சின்ன கிளப்போட பையன தூக்கிட்டுப் போனா குடுக்க வேண்டிய தொகைய ஃபிக்ஸ் பண்ணிட்டாங்க, 9-லேர்ந்து 11 வயசு டீம்ல ஆடுன ஒவ்வொரு வருஷத்துக்கும் 3,000 பவுண்டு, அதுக்கு மேல அகாடமி கேட்டகரிக்குத் தகுந்த மாதிரி 12,500-லேர்ந்து 40,000 வரைக்கும். ப்ரென்ட்ஃபோர்டு அகாடமிலேர்ந்து ரெண்டு நல்ல பசங்க மான்செஸ்டர் கிளப்புங்களுக்குப் போனதுக்கு ரொம்பக் கொஞ்சக் காசுதான் கெடச்சுதுன்னு செய்தி வந்துச்சு. 2016-ல அகாடமியையே இழுத்து மூடிட்டு, மத்தவங்க கழிச்சு விட்ட பசங்கள வெச்சு பி டீம் ஆரம்பிச்சாங்க, 2022-லதான் திரும்ப அகாடமி பக்கம் வந்தாங்க. பணம் கணக்குப்படி ப்ரென்ட்ஃபோர்டு பண்ணது சரிதான், ஆனா எல்லா சின்ன கிளப்பும் அப்படி முடிவு எடுத்தா 9 வயசு பையன் எங்க போய் ஆடுவான்? ஆசியாவுல கேட்டகரி 4 ரேட்டு 2,000 டாலர்னு மேல சொன்னேன்ல, ஒரு பையனுக்கு வருஷத்துக்கு கிரவுண்டு வாடகை, ரெண்டு ஜோடி பூட்ஸ், லீக் டிராவல், கோச் சம்பளம்னு போட்டுப் பாருங்க, அந்த ரேட்டு எந்தக் காலத்துக்குன்னு உங்களுக்கே புரியும்.

கடைசியா, பொண்ணுங்க டீம் நடத்துறவங்களுக்கு. டிரெய்னிங் காம்பென்சேஷன் பெண்கள் ஃபுட்பாலுக்குப் பொருந்தாதுன்னு ஃபிஃபா ரூல்ல தெளிவா இருக்கு, பொண்ணுங்க ஃப்ரீயா மூவ் ஆகட்டும், கிளப்புங்க காசுக்கு பயந்து வாங்காம இருந்துடக்கூடாதுங்கிறது அவங்க வாதம். வாதம் ஓகே, ஆனா உங்களுக்கு அந்தக் காசு வராது. அதனால பொண்ணு பெரிய கிளப்புக்குப் போறப்போ என்ஓசி குடுக்குறதோட நிறுத்தாம ஒரு செல்-ஆன் பங்கையாவது எழுத்துல கேளுங்க, அவங்க 5 சதவீதம்னு இறங்கி வந்தாலும் வாங்கி வெச்சுக்கங்க.